எஃப் பன்னிரண்டு சித்தப்பா

ஜூன் 3, செவ்வாய்

கோபம் வந்தால் வாயைத் திறக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. பிரஷர் மாத்திரையோடு இந்த டைரியும் சேர்த்தி. போன மாதம் ஒரு வாடிக்கையாளரின் மவுஸைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்ததை அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. கீழே யார் தலையிலும் அது விழவில்லை. அதை மட்டும் யாரும் பாராட்டுவதில்லை.

இன்று கோபம் வந்த இடம் சாலிகிராமம், இரண்டாவது மாடி, வசனகர்த்தா பரமகுருவின் அலுவலகம். 'பந்தக்கால்' தொடருக்குத் தினமும் வசனம் எழுதுகிறவர். எழுதுவது நான் செய்த 'வசனி' என்ற சாஃப்ட்வேரில். ஷார்ட்கட் எதுவும் வேலை செய்யவில்லை, ஒரு மாதம் கூடவே உட்கார்ந்து சரிசெய்து கொடுங்கள் என்று தயாரிப்பாளர் என்னை அனுப்பியிருக்கிறார். நன்றாகச் செய்தால் அதே சேனலின் மற்ற தொடர்களுக்கும் வசனியை எடுத்துக்கொள்வார்களாம்.

"எஃப்1 அடிச்சா மாமியார் வரணும்மா. லேப்டாப்புல சத்தம் போயிடுது. எஃப்2 அடிச்சா மருமக வரணும். திரை இருட்டாயிடுது" என்றார்.

மாமியார் வந்தால் வீட்டில் மற்றவர்கள் சத்தம் அடங்குவதும் மருமகள் முகம் இருண்டுபோவதும் இயல்புதானே என்று சொல்ல வந்ததை விழுங்கி இங்கே எழுதுகிறேன். புது லேப்டாப். மேல் வரிசைக் கீகளைச் சத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். செட்டிங்கில் ஒரே ஒரு மாற்றம், வேலை முடிந்தது. தப்பு என் சாஃப்ட்வேரில் இல்லை. இதுவரை ஒருமுறைகூட இருந்ததில்லை. செய்யாத தப்பை ஒப்புக்கொள்ளும் பழக்கம் தமயந்திக்குக் கிடையாது என்று பரமகுருவிடமும் சொல்லிவைத்தேன்.

"நல்ல பழக்கம்மா. சேனல்ல வேலை பாத்ததில்லையோ?" என்றார்.

ஜூன் 4, புதன்

டாக்டரம்மா படித்தாலும் புரியும்படி ஒருமுறை எழுதிவைக்கிறேன்.

வசனியில் ஆளுக்கு ஒரு கீ. எஃப்1 அடித்தால் 'மாமியார்' என்று பெயர் விழுந்து, வசனம் எழுத இடம் திறக்கும். எஃப்2 மருமகள். எஃப்3 வீட்டுப் பெரியவரான மாமனார். இப்படிப் போய் எஃப்11-இல் இன்ஸ்பெக்டர். எஃப்12-இல் மாமனாரின் தம்பி, எல்லோருக்கும் சித்தப்பா. கூடத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டே இருப்பவர். அண்ணன் எது சொன்னாலும் "ஆமாண்ணே" என்பார். அதைத் தவிர அவருக்கு வசனமே கிடையாது என்பதால் எஃப்12-ஐ அடித்தால் பெயரோடு 'ஆமாண்ணே' என்ற வசனமும் தானாகவே விழும்படி வைக்கச் சொன்னார் பரமகுரு. வைத்துக்கொடுத்தேன்.

மீதிக் கீகள் முறைப்பு, மின்னல், சட்டென்று திரும்பிப் பார்த்தல் முதலியவற்றுக்குப் போய்விட்டன. அழுகைக்கு இன்சர்ட் கீ. பழைய லேப்டாப்பில் அந்தக் கீ தேய்ந்தே போய்விட்டதாம்.

ஆக, பன்னிரண்டு கீ, பன்னிரண்டு பேர். கீ இல்லாத ஆள் பரமகுருவின் நினைவிலேயே இருப்பதில்லை. முன்பு எஃப்9-இல் ஒரு நாத்தனார் இருந்தாளாம். அந்தக் கீயை இன்னொருவருக்குக் கொடுத்ததும் அவள் அமெரிக்கா போய்விட்டாள். இன்னும் திரும்பவில்லை. கட்டின புருஷன் உட்பட யாரும் தேடவுமில்லை.

ஜூன் 5, வியாழன்

இவருக்கு ஒற்றை விரல்தான். இடது கையில் எந்நேரமும் போன். மறுமுனையில் டைரக்டர், நடிகர், மேனேஜர் என்று யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள். வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் கீபோர்டில் நடமாடும். காதில் மாட்டிக்கொள்ளும் கருவியை என் பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தேன்.

"போட்டுப் பாத்துட்டேன்மா. கையில போன் இல்லாம பேசினா பொய் பேசுற மாதிரி இருக்கு."

"இப்ப மட்டும்?" என்று கேட்டுவிட்டேன். எழுதியிருக்க வேண்டியது, பேச்சாக வந்துவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர்மீது மரியாதை. மவுஸைத் தொடுவதில்லை. அதைத் தேடிப் பிடிப்பதற்குள் ஆள் என்ன பேச வந்தாள் என்பது மறந்துவிடுகிறதாம். நியாயமான பேச்சு.

ஜூன் 6, வெள்ளி

சேனலில் இருந்து நிகில் என்பவர் போனில் வந்தார். தொடருக்குப் புது ஆள் வேண்டுமாம். வைஷாலி, வக்கீல், மகனின் முன்னாள் காதலி. வீட்டுக் கூடத்தில் நின்று குடும்பத்தையே கிழிகிழியென்று கிழிக்க வேண்டும். நடிகையையும் அவர்களே முடிவுசெய்துவிட்டார்கள்.

பரமகுரு போனை வைக்காமலே ஆள்காட்டி விரலை மேல் வரிசையில் மெதுவாக ஓட்டினார். எஃப்1, எஃப்2 என்று தாண்டித் தாண்டிப் போய்க் கடைசியில் நின்றார்.

"சித்தப்பாவை அனுப்பிடலாம்" என்றார். ஃபேனை நிறுத்தச் சொல்கிற குரல்.

எனக்கென்ன. நான் ஷார்ட்கட்டுக்காக வந்தவள்.

ஜூன் 7, சனி

எந்தக் கீ காலியாகப் போகிறது என்பது படப்பிடிப்பில் யாருக்கும் தெரியாது. யாரோ ஒருவர் போகப்போகிறார் என்பது மட்டும் தெரிந்துவிட்டது. மத்தியானத்துக்குள் அலுவலகம் சமையற்கட்டு ஆகிவிட்டது. மாமியாராக நடிக்கும் வசந்தகுமாரி அம்மாள், மாமியார் நகைகளைக்கூடக் கழற்றாமல் இடியாப்பமும் சொதியும் கொண்டுவந்து தன் கையாலேயே பரிமாறினார். மகனாக நடிப்பவர் வீட்டிலிருந்து பிரியாணி. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெட்டி பால்கோவாவோடு வாசலில் நின்றார். யாருக்கு எவ்வளவு பயம் என்பதை டிபன் கேரியரின் உயரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பரமகுரு எல்லாவற்றையும் சாப்பிட்டார். யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.

எஃப்12 மட்டும் வரவில்லை.

ஜூன் 9, திங்கள்

எஃப்12 வந்தார். வெறுங்கையோடு.

பெயர் ஞானப்பிரகாசம். திண்டுக்கல்காரர். படப்பிடிப்பிலிருந்து நேரே வந்திருந்ததால் தலையில் வெள்ளைப் பவுடர், நெற்றியில் சித்தப்பாவின் விபூதிப் பட்டை, சட்டைக்குள் சிலுவைச் சங்கிலி. பரமகுரு குளியலறையில் இருந்தார். உட்காருங்கள் என்றேன். உட்காராமல் லேப்டாப்பையே பார்த்தார்.

"என் கீ எது மேடம்?"

காட்டினேன். "ஒரு தடவை அடிச்சுப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டு, கதவைத் தட்டுகிற மாதிரி மெதுவாக அடித்தார். திரையில் 'சித்தப்பா: ஆமாண்ணே' விழுந்தது. சிரித்துவிட்டார்.

"நானூறு எபிசோடு மேடம். இந்த ஒரு கீதானா?"

எனக்கு ஏனோ சங்கடமாகப் போயிற்று. அந்த வசனத்தைத் தானாக விழவைத்தது நான்தான் என்று சொல்லவில்லை. அவரே பேச்சை மாற்றினார். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது அலுத்துப்போய், பல மாதமாகப் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாராம்.

"ஒருத்தராவது கண்டுபிடிக்கிறாங்களான்னு பாத்தேன். டைரக்டர், கேமராமேன், வீட்டுல பாக்குற ஜனங்க, ஒருத்தர்கூடக் கேக்கல மேடம். அப்பத்தான் தெரிஞ்சுது, நம்மள யாரும் பாக்கலன்னு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. மேஜையில் ஏன் மவுஸ் இல்லை என்று கேட்டார். ஜன்னல் கதையைச் சொன்னேன். கேட்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "யார்மேலயாவது விழுந்துச்சா?" என்பதுதான். இவர், "மவுஸுக்கு அடிபட்டுச்சுங்களா?" என்றார்.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்று வெகு நேரமாகியும் பரமகுரு வெளியே வரவில்லை. கடைசியில் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். ஞானப்பிரகாசம் வணக்கம் சொன்னார், அவரும் வணக்கம் சொன்னார், அவ்வளவுதான். கெஞ்சவில்லை, கேட்கவில்லை. படி இறங்கும்போது, "பின்ன எதுக்கு வந்தீங்க?" என்றேன்.

"கீயைப் பாக்கத்தான் மேடம்."

ஜூன் 10, செவ்வாய்

அவருக்கு வயது முப்பத்தெட்டுதான். தலையில் இருப்பது பவுடர். கல்யாணம் ஆகவில்லை. இது ஷார்ட்கட்டுக்குச் சம்பந்தமில்லாத தகவல், ஆனாலும் குறித்துவைக்கிறேன்.

ஜூன் 11, புதன்

பன்னிரண்டு கீதான் பிரச்சினை என்றால் அது சாஃப்ட்வேர் பிரச்சினை. அதாவது என் பிரச்சினை. ஒரு மனுஷனின் சோறு கீபோர்டின் அகலத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. இதில் வேறு காரணம் எதுவும் இல்லை.

ஷிஃப்ட்டோடு சேர்த்து எஃப்1 அடித்தால் பதின்மூன்றாவது ஆள் என்று வைத்தால் போதும். ஆனால் ஒற்றை விரலால் இரண்டு கீயைச் சேர்த்து எப்படி அடிப்பது? அதற்கும் வழி இருக்கிறது. ஷிஃப்ட்டை ஒருமுறை தட்டினால், அடுத்த கீ வரும்வரை அழுத்தினபடியே இருப்பதாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். கன்ட்ரோலுக்கும் அப்படியே. அதைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் பரமகுரு நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். திரை வெள்ளை வெளேரென்று இருந்தது. போனில் பேசிக்கொண்டே கை தவறிக் கன்ட்ரோலைத் தட்டியிருக்கிறார். அதை மறந்துவிட்டு ஏ அடித்திருக்கிறார். கன்ட்ரோலும் ஏ-வும் சேர்ந்தால் எழுதின அத்தனையும் மொத்தமாகத் தேர்வாகிவிடும். அடுத்த எழுத்தை அடித்ததும் எல்லாம் போய்விட்டது.

"மொத்தக் குடும்பமும் போயிடுச்சேம்மா" என்றார்.

கன்ட்ரோல், இசட். எல்லோரும் திரும்பி வந்தார்கள். பரமகுரு எழுந்து நின்று என்னைக் கும்பிட்டார். இத்தனை வருஷம் எழுதியும் இப்படி ஒரு கீ இருப்பதே அவருக்குத் தெரியாதாம். "வாழ்க்கைக்கும் இதை ஒண்ணு செஞ்சு குடேன்" என்று ஆரம்பித்தார். டீ ஆறிவிட்டது என்று வெளியே வந்துவிட்டேன்.

ஒட்டிக்கொள்ளும் ஷிஃப்ட் திட்டம் ரத்து.

ஜூன் 12, வியாழன்

எங்கள் குடியிருப்பில் பால்காரர் மணியை ஒருமுறை அடிப்பார். கூரியர்காரர் இரண்டுமுறை. கதவைத் திறக்காமலே ஆள் தெரிந்துவிடும். பல் துலக்கிக்கொண்டிருந்தபோது இது தோன்றியது.

எஃப்12-ஐ ஒருமுறை அடித்தால் சித்தப்பா. உடனே இன்னொருமுறை அடித்தால் வைஷாலி. ஒரே கீ, ஒரே விரல், இரண்டு பேர்.

நாள் முழுக்க எழுதினேன். மத்தியானம் சாப்பிடவில்லை. தலைவலிகூட இல்லை.

ஜூன் 13, வெள்ளி

பரமகுரு உட்கார்ந்தார். எஃப்12-ஐ அடித்தார். போனில், "இருங்க, ஒரு நிமிஷம்" என்றார். மறுபடி அடித்தார்.

'சித்தப்பா: ஆமாண்ணே. சித்தப்பா: ஆமாண்ணே.'

முதல் அடிக்கும் இரண்டாவது அடிக்கும் நடுவில் நான் கொடுத்திருந்தது கண் சிமிட்டும் நேரம். இவர் விரல் கோயில் பிராகாரம் சுற்றுகிற வேகத்தில் வருகிறது. வைஷாலி ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை. சித்தப்பாதான் ஆமாண்ணே ஆமாண்ணே என்று பக்கத்தை நிரப்பினார். "இந்த வம்பே வேணாம்மா, ஒரு சாவோட முடிச்சிடலாம்" என்று எழுந்துவிட்டார்.

கையைப் பிடிக்காத குறையாக உட்காரவைத்தேன். அவர் விரலுக்கு ஏற்றபடி இடைவெளியை நீட்டினேன். நடுவில் ஒரு வாய் காபி குடித்தாலும் தாங்கும். சாயங்காலம் பத்துப் பதினைந்து தடவை அடித்துப் பார்த்தார். ஒருமுறைகூடத் தவறவில்லை.

"சரி, ரெண்டு பேரும் ஒரே கீயில குடித்தனம் பண்ணட்டும்" என்றார்.

ஞானப்பிரகாசத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். இது வாடிக்கையாளர் சேவை. "எனக்காகவா மேடம்?" என்றார். கீபோர்டுக்காக என்றேன்.

ஜூன் 16, திங்கள்

நிகில் நேரிலேயே வந்துவிட்டார். வயது முப்பதுக்குள். தமிழ் பேச வரும், படிக்க வராது. கதையை ஆங்கிலத்தில் அரைப் பக்கமாகச் சுருக்கிக் கொடுத்தால் மும்பைக்கு அனுப்பி அனுமதி வாங்குவார். அப்படி அனுமதி வாங்கின அரைப் பக்கத்தோடுதான் வந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை எபிசோடு. வைஷாலி கூடத்தில் நின்று குடும்பத்தைக் கிழிப்பாள். அதைக் கேட்டு அதிர்ச்சியில் சித்தப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாவார்.

நான் எழுந்தேன். "சார், அந்தப் பிரச்சினை தீர்ந்தாச்சு. ரெண்டு பேருக்கும் கீ இருக்கு."

"கீயா? எந்தக் கீ?" என்றார் நிகில். "ஒரு என்ட்ரின்னா ஒரு டெத் வேணும் மேடம். அப்பத்தான் எமோஷன். யாருக்கும் நஷ்டமில்லாத கேரக்டர் இதுதான்."

பரமகுரு தலையாட்டினார். பால்கோவாப் பெட்டியை நிகில் பக்கம் நகர்த்தினார். மூன்று நாள் நான் உயிரைக் கொடுத்துச் செய்ததற்கு இந்த மனுஷனிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

கோபம். பேனா முனை உடைந்துவிட்டது. இது பென்சில்.

ஜூன் 18, புதன்

பரமகுரு முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை எபிசோடை இன்று எழுதினார். ஒரு அதிசயத்தை மட்டும் சொல்ல வேண்டும். போனை அணைத்து டிராயருக்குள் போட்டுப் பூட்டினார். பிறகு இரண்டு கையாலும் அடித்தார். பத்து விரலும் ஓடின. இந்த மனுஷனுக்கு டைப்பிங் தெரியும்! ஒற்றை விரலுக்காக நான் கழித்த மூன்று நாளை நினைத்தபோது ஜன்னலைப் பார்த்தேன். மவுஸ் இல்லாததால் வீச எதுவும் இல்லை.

முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாவுக் காட்சி எழுதினால் அவருக்கே அழுகை வரும்போல. முதலைக் கண்ணீர்.

ஜூன் 19, வியாழன்

காலையில் பக்கங்கள் படப்பிடிப்புக்குப் போயின. அங்கே பக்கம் வந்ததும் எடுப்பார்கள், படித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. இன்று எடுப்பது நாளை ஒளிபரப்பு. சந்தேகம் கேட்க டைரக்டர் பரமகுருவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். போன் சாயங்காலம்வரை டிராயரிலேயே கிடந்தது.

சாயங்காலம் நிகில் என்னைப் போனில் கூப்பிட்டுக் கத்தினார். வைஷாலியாக நடிக்க வந்த பெண் நாள் முழுக்க மேக்கப்போடு உட்கார்ந்திருந்தாளாம். அவளுக்கு ஒரே ஒரு வரிதானாம். மொத்த வசனமும் சித்தப்பா பெயரில் விழுந்திருக்கிறது. ஆளும் சாகவில்லை.

"உங்க டபுள் பிரஸ் வேலை செய்யலைன்னு ரைட்டர் சொல்றார்."

லேப்டாப்பை இழுத்து எஃப்12-ஐ அடித்துப் பார்த்தேன். வேகமாக, மெதுவாக, காபி குடித்துக்கொண்டே, கண்ணை மூடிக்கொண்டு. ஒவ்வொரு தடவையும் வைஷாலிதான் வந்தாள். ஆனால் அங்கே வரவில்லையே. என் வாழ்க்கையில் முதல்முறையாக, என் சாஃப்ட்வேர் தப்புச் செய்திருக்குமோ என்று பயந்தேன். பரமகுரு அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜூன் 20, வெள்ளி

டிவி முன்னால் உட்கார்ந்தேன். வேறு எபிசோடு கையில் இல்லாததால் எடுத்ததையே போட்டார்கள்.

கூடம். மாமனார் மருமகளை வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்கிறார். "நான் சொல்றது சரிதானேடா?" என்று வழக்கம்போலத் தம்பியைக் கேட்கிறார்.

"ஆமாண்ணே" என்றார் ஞானப்பிரகாசம். பேப்பருக்குப் பின்னால் இருந்து. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. "ஆமாண்ணே" என்றார் மறுபடியும். இந்தத் தடவை குரல் வேறு மாதிரி இருந்தது. பேப்பரை மெல்ல இறக்கினார்.

"ஆமாண்ணே, ஆமாண்ணேன்னு சொல்லியே எனக்குத் தலை நரைச்சுப் போச்சு. இந்தப் பேப்பரைப் பாருங்க. தலைகீழா இருக்கு. எத்தனையோ நாளா தலைகீழாத்தான் இருக்கு. இந்த வீட்டுல ஒருத்தராவது பாத்தீங்களா? பேப்பரைப் பாக்க வேணாம். பிடிச்சிருக்கிற ஆளை? இந்தப் புள்ளைய வெளிய அனுப்பினா இவ அழுவா, நாலு பேருக்குத் தெரியும். நான் இந்த நாற்காலியிலேயே செத்துக் கிடந்தாலும் ஆமாண்ணேன்னு சொல்லலையேன்னுதான் உங்களுக்குச் சந்தேகம் வரும்!"

மாமனார் நெஞ்சில் கை வைத்தார். அது நடிப்பு மாதிரியே இல்லை. மருமகள் நிஜமாகவே அழுதாள்.

நானும் அழுதேன், எழுதிவைக்கிறேன். அழுது முடித்து மூக்கைச் சிந்தும்போதுதான் உறைத்தது. வைஷாலி வக்கீல். அவள் எதற்குப் பேப்பரைத் தலைகீழாகப் பிடிக்கப் போகிறாள்? எப்போது யாருக்கு ஆமாண்ணே சொன்னாள்? இது கீ மாறி விழுந்த வசனமில்லை. இந்த ஆளுக்கென்றே எழுதின வசனம். பத்து விரலாலும் எழுதினது.

அன்று ஞானப்பிரகாசம் பேப்பர் கதையைச் சொன்னபோது குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது எனக்கு நினைவு வந்தது.

என் சாஃப்ட்வேரில் தப்பில்லை. துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. திங்கட்கிழமை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், இதைச் சேனல்காரர் முகத்தில் எறிகிறேன் பார்.

ஜூன் 21, சனி

கீழ்வீட்டு அம்மாள், இஸ்திரிக்காரர், மருந்துக் கடைக்காரர், எல்லோர் போனிலும் சித்தப்பாதான். டாக்டரம்மாவே அந்த வீடியோத் துண்டை எனக்கு அனுப்பியிருக்கிறார். கூடவே, "கோபப்பட்டா இப்படிப் படணும்" என்று ஒரு வரி.

ஜூன் 23, திங்கள்

சேனல் அலுவலகம். நீள மேஜை. ஒரு பக்கம் நிகிலும் இன்னொரு சேனல் அதிகாரியும், எதிரில் பரமகுரு, நான், ஓரமாக ஞானப்பிரகாசம். இன்று தலையில் பவுடர் இல்லை. சட்டை புதிது.

எபிசோடுக்கு வந்த வரவேற்பு நிகிலுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் மும்பையில் வேறு கேள்வி கேட்டிருக்கிறார்கள். அனுமதி வாங்கின கதையை யார் மாற்றியது?

"ஆள் மாத்தினார்னா ரூல்படி அந்த ரைட்டரை மாத்தணும். வர்ற ரைட்டர், எல்லாம் கனவுன்னு எழுதி, பழைய கதைப்படி சித்தப்பாவை முடிச்சிடுவார். மெஷின் தப்புன்னா யாரையும் எதுவும் பண்ண முடியாது. நடந்தது நடந்ததுதான், இப்படியே கன்டினியூ பண்ணலாம்" என்றார் நிகில். "நீங்க வசனத்தைக் கேட்டீங்களா?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். அவர் ஜிம்மில் சத்தமில்லாமல் பார்த்தாராம். நிகிலும் அப்படித்தான்.

அப்போது பரமகுரு மேஜையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"எத்தனை தடவைம்மா சொன்னேன், ரெண்டு தடவை அடிக்கிற இந்த வேலையே வேணாம்னு! என் விரலுக்கு ஏத்த மாதிரி ஒரு சாஃப்ட்வேர் செய்யத் தெரியல, நீயெல்லாம் என்ன படிச்சே? நான் வைஷாலிக்கு எழுதினேன் சார். சத்தியமா வைஷாலிக்குத்தான். எல்லாம் இவ சாஃப்ட்வேர் பண்ணின கூத்து!"

என் காது சூடாகிவிட்டது. லேப்டாப் என் முன்னால் திறந்தே இருந்தது. இரண்டு தடவை அடித்துக்காட்டினால் போதும். இல்லாவிட்டால் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், வக்கீலம்மா எந்தப் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்தார் என்று. வாயைத் திறந்துவிட்டேன்.

பரமகுரு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல்தான் கத்தியது. கண் கத்தவில்லை. கெஞ்சியது.

"சார், மேடம் மேல தப்பில்லைங்க" என்று ஞானப்பிரகாசம் எழுந்துவிட்டார். "அந்த வசனம் எனக்காகவே..."

"ஆமா சார்" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் குரலே எனக்கு வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

"ஆமா சார். என் சாஃப்ட்வேர் தப்புதான்."

நிகில் எழுதிக்கொண்டார். தவறுள்ள சாஃப்ட்வேரை மற்ற தொடர்களுக்கு எடுக்க முடியாது, புரிந்துகொள்ள வேண்டும் என்றார். புரிகிறது என்றேன். ஞானப்பிரகாசம் மெல்ல உட்கார்ந்தார்.

வெளியே லிஃப்டுக்குக் காத்திருந்தபோது பரமகுரு போனைப் பைக்குள் போட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பினார். லிஃப்ட் வந்து, திறந்து, மூடியது. யாரும் ஏறவில்லை.

ஜூன் 26, வியாழன்

காலையில் டாக்டரம்மா பிரஷர் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். இனி டைரி தேவையில்லை என்றார். கோபம் வரவில்லை என்றாலும் எழுதுகிறேன், பழகிவிட்டது.

கீகளை மாற்றி அமைத்தேன். எஃப்1 இனிமேல் சித்தப்பா. 'ஆமாண்ணே' தானாக விழுவதை எடுத்துவிட்டேன். வசந்தகுமாரி அம்மாளை எஃப்4-க்கு நகர்த்தினோம். தகவல் எப்படியோ போய், பத்து மணிக்கே இடியாப்பம் வந்துவிட்டது. வைஷாலிக்கு எஃப்7. எஃப்4-இலும் எஃப்7-இலும் இருந்த இருவரும் தீர்த்த யாத்திரை போயிருக்கிறார்கள்.

எல்லாம் முடிந்து லேப்டாப்பை மூடப்போனபோது பரமகுரு தொண்டையைச் செருமினார்.

"சித்தப்பாவுக்கு ஒரு ஜோடி பாக்கணும்மா. ஜனங்க கேக்குறாங்க. நல்ல கோபக்காரியா வேணும். கோபம் வந்தா கையில கிடைச்சதை ஜன்னல் வழியா வீசுறவ. ஆனா கீழ யார் தலையிலயும் விழாது."

மவுஸ் கதையை நான் இந்த அலுவலகத்தில் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன். அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் டிபன் கேரியர். நானூறு எபிசோடில் ஒருநாளும் கொண்டுவராதவர்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டே, "அதுக்கு எந்தக் கீ சார் வேணும்?" என்று கேட்டேன்.

"எஃப்12 காலியாத்தானே இருக்கு? ஒரு தடவை அடிச்சா வர்ற மாதிரி வை. ரெண்டு தடவையெல்லாம் காக்கவைக்காதே."

"ஆமா சார்" என்றேன்.